திருச்சியிலிருந்து நியூயார்க், வழி: சிங்கப்பூர்

ஞாயிறு, திருச்சி

அமெரிக்கா போக சிங்கப்பூர் வழியாக டிக்கெட் எடுத்திருக்கிறோம் என்றதும், "எதுக்கு இப்படிப் பின்னாடி போய் முன்னாடி வர்றீங்க?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. திருச்சியிலிருந்து நியூயார்க்குக்குப் பூமியின் மேல் மிகக் குறுகிய கோடு இழுத்தால் சுமார் 13,600 கிலோமீட்டர். சென்னை போய் துபாய் வழியாகப் பறந்தாலும் பெரிய சுற்று இல்லை. சென்னை–துபாய் 2,930, துபாய்–நியூயார்க் 11,020, ஆக 13,950. எங்கள் வழியில் திருச்சி–சிங்கப்பூர் கிட்டத்தட்ட 3,000, அங்கிருந்து நியூயார்க் 15,349. கூட்டினால் 18,300-ஐத் தாண்டுகிறது. பூமியில் எந்த இரண்டு ஊருக்கும் நடுவே 20,000-ஐச் சற்றுத் தாண்டுமே தவிர, அதற்கு மேல் தூரம் இருக்கவே முடியாது. அதற்குள் 18,300 கிலோமீட்டரைச் செலவழித்துப் போகிறோம்.

காரணம் இரண்டு. அண்ணனுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது, சிங்கப்பூரில் யீஷூன் பகுதியில் இருக்கிறார், பார்க்க வேண்டும். இரண்டாவது காரணம் என் ஆசை. சிங்கப்பூர்–நியூயார்க் விமானம்தான் இன்றைக்கு உலகத்திலேயே அதிக தூரம் நிற்காமல் போகிற பயணிகள் விமானம். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு அதில் ஒரு தடவை உட்கார வேண்டும் என்று தோன்றாமல் இருக்குமா? நியூயார்க் பக்கம் எடிசன் என்ற ஊரில் இருக்கும் பையன் டிக்கெட் விலையைச் சொல்லாமலே எடுத்துக் கொடுத்துவிட்டான். சொல்லியிருந்தால் இவர் கிளம்பியிருக்க மாட்டார்.

இவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். ரயில்வேக்காரர்களுக்குத் தூரம் என்றால் கல் நட்ட தூரம். நேற்று இரவு பெட்டி கட்டும்போதே ஆரம்பித்தார்.

"மொத்தம் எத்தனை கிலோமீட்டர்? ஒரே நம்பரா சொல்லு."

"ஒரே நம்பர் கிடையாதுங்க. குறுக்குத் தூரம் ஒண்ணு, பறக்கிற தூரம் ஒண்ணு."

"அதான் கார்டு லைன், மெயின் லைன். விருத்தாசலம் வழியா எவ்வளவு, தஞ்சாவூர் வழியா எவ்வளவுன்னு ரெண்டுக்கும் நம்பர் இருக்குல்ல? அப்படிச் சொல்லு."

அதுதான் சிக்கல். மெயின் லைன் தண்டவாளம் ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாறாது. விமானத்தின் பாதையைத் தினமும் புதிதாகப் போடுகிறார்கள். "அப்போ கல்லு எங்க நடுவான்?" என்றார். பதில் சொல்லாமல் பெட்டியைப் பூட்டினேன்.

திருச்சி விமான நிலையத்தின் புது முனையம் விசாலமாக இருக்கிறது, 2024 ஜனவரியில் திறந்தது. சிங்கப்பூர் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வங்காள விரிகுடாவின் மேல் பாதி நேரம் தூங்கிவிட்டேன், எழுத ஒன்றுமில்லை.

திங்கள், சிங்கப்பூர்

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளினோம். இவர் ஐந்தரைக்கே எழுந்து சூரியனுக்காக பால்கனியில் காத்திருந்தார். இங்கே ஏழு மணி சுமாருக்குத்தான் விடிகிறது. 104 டிகிரி கிழக்கில் இருக்கிற ஊர். 15 டிகிரிக்கு ஒரு மணி நேரம் என்று வகுத்தால் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம்தான் முன்னால் இருக்க வேண்டும். மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வைத்தபோது சிங்கப்பூரும் சேர்ந்துகொண்டு, 1982-லிருந்து எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கடிகாரமும் சூரியனும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்த அரசாங்கமும் சத்தியம் செய்யவில்லை. நம் ஊர் அரை மணி நேரமும் அப்படி வந்ததுதான்.

சாயங்காலம் அண்ணன் பேத்தி பள்ளியிலிருந்து வந்தாள், தொடக்கநிலை ஐந்து. அவளுடைய உலக உருண்டையை எடுத்துவரச் சொன்னேன். தையல் டப்பாவிலிருந்து நூல் கேட்டதும் அண்ணி, "இங்கயும் வந்து வகுப்பா?" என்று சிரித்தார்.

நூலின் ஒரு முனையை சிங்கப்பூரில் வைத்துக்கொண்டாள். "நியூயார்க் எந்தப் பக்கம் போகணும், சொல்லு?" என்றேன். முதலில் வலப்பக்கம் பசிபிக் மேல் இழுத்தாள். பிறகு இடப்பக்கம் இந்தியா, ஐரோப்பா, அட்லாண்டிக். இரண்டு தடவையும் நூலில் தொய்வு விழுந்தது. "மேலே இழு" என்றேன். தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நேர் வடக்கே ஏறி, உச்சியில் உருண்டையைத் தாங்கும் திருகாணியில் போய் நூல் மாட்டிக்கொண்டது.

"அத்தைப் பாட்டி, இது ஸ்ட்ரெய்ட்டா வட துருவம் போகுதே!"

போகத்தான் செய்யும். சிங்கப்பூர் 104 டிகிரி கிழக்கு, நியூயார்க் 74 டிகிரி மேற்கு. கூட்டினால் 178, அதாவது அரை உருண்டைக்கு இரண்டு டிகிரிதான் குறைவு. ஒன்றுக்கொன்று நேர் முதுகுப்புறத் தீர்க்கக்கோட்டில் இருக்கிற இரண்டு ஊர்களுக்குக் குறுக்குவழி துருவம்தான். கணக்குப் போட்டால் இந்தப் பெருவட்டப் பாதை துருவத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குள் போகிறது. பிறகு கனடாவின் பனித் தீவுகள், கியூபெக், அப்படியே தெற்கே இறங்கி நியூயார்க். வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த தட்டை வரைபடம் இதை ஒருநாளும் காட்டாது. அதில் துருவம் ஒரு புள்ளியாக இல்லாமல் மேல் விளிம்பு முழுக்க ஒரு கோடாக நீண்டு கிடக்கும்.

15,349 என்பது இந்த நூலின் நீளம். விமானம் இந்த நூல்மேல் போகாது. பேத்திக்கு அது பிடிக்கவில்லை. "அப்புறம் ஏன் அந்த நம்பரைச் சொல்றாங்க?" என்றாள். ஏனென்றால் அது ஒன்றுதான் நாளுக்கு நாள் மாறாதது.

இன்னொரு வேடிக்கையையும் அவளுக்குக் காட்டினேன். நியூயார்க் பக்கத்தில் இரண்டு பெரிய நிலையங்கள்: கென்னடி, நியூவர்க். இரண்டுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஆனால் சிங்கப்பூரிலிருந்து நியூவர்க் 15,344, கென்னடி 15,349. ஐந்தே கிலோமீட்டர் வித்தியாசம். நூல் வடக்கிலிருந்து வருகிறது, இரண்டு நிலையமும் கிழக்கு மேற்காகப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, அதனால்தான். 2018-லிருந்து நியூவர்க் விமானம் வைத்திருந்த 'உலகின் மிக நீண்ட' பட்டத்தை, 2020 நவம்பரில் கென்னடிக்குப் பறக்க ஆரம்பித்ததும் இந்த ஐந்து கிலோமீட்டர் தட்டிப் பறித்தது.

செவ்வாய், சிங்கப்பூர்

லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் தீபாவளி விளக்குகள் போட்டாயிற்று. மாலையில் அண்ணனைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொஞ்ச தூரம் கூட்டிப்போனோம். மருந்துக் கடையில் காலை இறுக்கிப் பிடிக்கும் நீளக் காலுறை இரண்டு ஜோடி வாங்கினேன். மணிக்கணக்காக உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து எங்கள் வயதில் கூடுதல். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார். தண்ணீர் குடித்தால் தானாக நடப்போம்.

புதன் இரவு, சாங்கி விமான நிலையம்

நள்ளிரவை ஒட்டிப் புறப்பாடு. பாதுகாப்புச் சோதனை இங்கே ஏறும் வாயிலிலேயே நடக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்ததும் கண்ணாடி வழியாக விமானம் தெரிந்தது. இவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்:

"ரெண்டு இன்ஜின்தானா?"

ரெண்டுதான். ஏர்பஸ் ஏ350-900 வகையில் அதி நீண்ட தூரத்துக்கென்று செய்த வடிவம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதே பயணத்தை 2004-ல் நான்கு இன்ஜின் ஏ340-500 வைத்து ஆரம்பித்தது. நான்கு இன்ஜின் குடிக்கிற எண்ணெய் கட்டுப்படியாகாமல் 2013-ல் நிறுத்திவிட்டு, இந்த வண்டி வந்ததும் 2018 அக்டோபரில் மறுபடி தொடங்கியது.

எண்ணெய்க் கணக்கைக் கேட்டதும் இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது, இது அவருடைய துறை. தொட்டியின் கொள்ளளவு 1,65,000 லிட்டர். லிட்டருக்கு 800 கிராம் என்று வைத்தால் 130 டன்னுக்கு மேல். புறப்படும்போது அதிகபட்சம் இருக்கலாம் என்று அனுமதித்த மொத்த எடையே 280 டன்.

"பாதி வண்டி எண்ணெய்தானா!" என்றார். "அப்ப கடைசி மணி நேரத்துக்கு வேண்டிய எண்ணெயை, முதல் பதினேழு மணி நேரம் சும்மா தூக்கிட்டுப் போகணும். அதைத் தூக்கவே எண்ணெய் செலவாகும். நாங்கன்னா வழியில ஸ்டேஷன்ல நிறுத்திப் போட்டுக்குவோம்."

இந்தப் பயணத்தின் விலைக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு ஊரில் இறங்கி நிரப்பிக்கொண்டால் எண்ணெய் மிச்சம், நேரம் நஷ்டம். நேரத்துக்குக் காசு கொடுக்கிறவர்கள் இருப்பதால்தான் இது ஓடுகிறது. அதனாலேயே உள்ளே சாதாரண வகுப்பே கிடையாது. மொத்தம் 161 இருக்கைதான்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. எடையைக் குறைக்க முன்பக்கச் சரக்கு அறையையும் உபயோகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நாங்கள் பிரீமியம் எகானமி. கால் நீட்ட இடம் தாராளம்.

விமானிகள் நாலு பேர், முறை வைத்து ஓட்டி முறை வைத்துத் தூங்குவார்கள். "டிரைவர் தூங்க ரன்னிங் ரூம் வண்டிக்குள்ளயே இருக்கு" என்று அடுத்த இருக்கைக்காரரிடம் இவர் விளக்கிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. தலையை மட்டும் ஆட்டுகிறார்.

வியாழன், ஜப்பானுக்குத் தெற்கே

விமானத்தில் வைஃபை இருக்கிறது, ஆகவே வானத்திலிருந்தே எழுதுகிறேன்.

கிளம்பிச் சாப்பாடு முடிந்து விளக்கை அணைத்தார்கள். தென்சீனக் கடல் முழுக்க இருட்டு. சுமார் ஐந்து மணி நேரம் கழித்து ஜன்னல் ஓரத்தில் ஒரு சிவப்புக் கீற்று. சூரியனை நோக்கியே ஓடுவதால் விடியல் அவசரமாக வந்துவிட்டது.

முன்னிருக்கைத் திரையில் வரைபடம் ஓடுகிறது. நூல் காட்டிய வடக்கை விட்டு வடகிழக்காகத் தைவான் பக்கம் போய், இப்போது ஜப்பானுக்குத் தெற்கே. துருவ வழியை விட்டு ஏன் இந்த மெயின் லைன்? காரணம் பல. சைபீரியாவின் மேல் பறப்பது 2022-லிருந்து பல நிறுவனங்களுக்கு ஆகாத வழியாகிவிட்டது. துருவத்துக் குளிரில் எண்ணெயின் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே போக வேண்டும், ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும். ஆனால் பெரிய காரணம் இப்போது திரையில் தெரிகிறது. சிங்கப்பூரை விட்டபோது 900 சொச்சமாக இருந்த வேகம் மணிக்கு 1,100-ஐத் தொட்டிருக்கிறது. இன்ஜின் கூடுதலாக உழைக்கவில்லை. பின்னாலிருந்து ஜெட் காற்று தள்ளுகிறது.

இந்தக் காற்றைப் பற்றி வகுப்பில் சொல்ல எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1920-களில் ஜப்பானில் வசபுரோ ஓயிஷி என்ற வானிலை ஆய்வாளர் பலூன்களைப் பறக்கவிட்டு, உயரத்தில் அசுர வேகத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று ஓடுவதை அளந்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-ல் அறிக்கையை எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். உலகப் பொதுமொழி என்று உருவாக்கிய மொழி அது. உலகம் அதைப் படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானை நோக்கிப் பறந்து, எதிர்க்காற்றில் கிட்டத்தட்ட நின்றுபோனபோதுதான் விமானிகள் திகைத்தார்கள். ஜப்பான் மட்டும் அந்தக் காற்றைப் படித்து வைத்திருந்தது. 1944 நவம்பரிலிருந்து ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குண்டு பலூன்களை இதே கடலின் மேல் அமெரிக்காவை நோக்கி மிதக்கவிட்டார்கள். பெரும்பாலானவை எங்கோ விழுந்தன. ஒன்று ஒரிகான் காட்டில் கிடந்து, 1945 மே மாதம் அங்கே உலாப் போன ஒரு கர்ப்பிணிப் பெண்ணையும் ஐந்து பிள்ளைகளையும் கொன்றது. அதே காற்றுதான் இப்போது எங்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

எவ்வளவு மிச்சம்? இந்தச் சேவையை 2018-ல் அறிவித்தபோது, பறக்கும் வழி சுமார் 16,700 கிலோமீட்டர், சராசரி நேரம் பதினெட்டே முக்கால் மணி என்றார்கள். முதல் நாள் விமானம் நியூவர்க்கில் இறங்க எடுத்துக்கொண்டது பதினெட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அதே வண்டி, அதே இரண்டு ஊர். ஒரு மணி நேரம் போலக் காற்று கொடுக்கிறது, இன்னொரு நாள் பிடுங்கிக்கொள்கிறது. அட்டவணையில் போடுகிற நேரம், காற்றோடு போட்ட ஒரு சமாதான ஒப்பந்தம் மாதிரிதான்.

இவரிடம் வேகத்தைக் காட்டினேன். "இது டவுன் வண்டி. அப் வண்டிக்கு இந்த வேகம் வராது" என்றார். ரயில்வே பாஷையில் போகிற திசை டவுன், திரும்பி வருகிற திசை அப். சரியாகத்தான் பிடித்திருக்கிறார்.

புதன், மறுபடியும்

தலைப்பில் பிழை இல்லை. சர்வதேச தேதிக்கோட்டைத் தாண்டிவிட்டோம்.

வியாழக்கிழமை காலையைப் பார்த்தாயிற்று, அதற்கு அத்தாட்சியாக எழுந்த சூரியன் இருக்கிறது. 180 டிகிரியைக் கிழக்கே கடந்ததும் புதன்கிழமை பிற்பகல். வகுப்பில் இதை விளக்கும்போது பின் வரிசையில் யாராவது ஒருவன், "டீச்சர், அப்ப பரீட்சைக்கு முந்தின நாளுக்குப் போயிடலாமா?" என்று கேட்பான். போகலாம், ஆனால் படிக்கக் கூடுதல் நேரம் கிடைக்காது.

கோட்டைத் தாண்டி ஒரு மணி நேரம் சொச்சத்தில் சூரியன் பின்னால் விழுந்துவிட்டது. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஏழு மணி நேரம்தான் பகல். சிங்கப்பூரில் இரவுச் சாப்பாடு, விமானத்தில் இரவுச் சாப்பாடு, தூங்கி எழுந்து சிற்றுண்டி, இதோ மறுபடி இருட்டு. இவருக்கு ரத்த அழுத்த மாத்திரை எந்த இரவில் கொடுப்பது என்று குழம்பாமல் இருக்க, என் கைக்கடிகாரத்தை மட்டும் திருச்சி நேரத்திலேயே வைத்திருக்கிறேன். மாத்திரைக்கு அது, மற்றதற்கெல்லாம் திரை.

சூரியனைக் கொண்டு பயணத்துக்குப் பெயர் வைத்த ஒரு கதை நம் பக்கத்துக் கடலில் உண்டு. போர்க்காலத்தில், 1943-லிருந்து 1945 வரை, ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையின் காலி பக்கம் கொக்கலை ஏரிக்குக் குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலீனா என்ற நீர்விமானங்களை ஓட்டியது. தூரம் 5,600 கிலோமீட்டர் சொச்சம், நாங்கள் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஆன நேரம் 27 மணியிலிருந்து 32 மணி வரை. எண்ணெய்ச் சுமையால் ஏற்ற முடிந்தது மூன்றே பயணிகளும் 69 கிலோ தபாலும். ஜப்பானியரின் கண்ணில் படக்கூடாது என்று வானொலியை மூடிவைத்து, நட்சத்திரம் பார்த்து வழி கண்டுபிடித்துப் போனார்கள். ஒரே பயணத்தில் இரண்டு விடியல் பார்ப்பதால் அதற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்று பெயர் வந்தது. பயணிகளுக்கு அந்தப் பெயரில் சான்றிதழும் கொடுத்தார்கள். தூரத்தில் எங்கள் விமானம் முதலிடம். நிற்காமல் வானில் இருந்த நேரத்தில் அந்த நீர்விமானங்களை எந்தப் பயணிகள் சேவையும் இன்னும் முறியடிக்கவில்லை. குவாண்டாஸ் இப்போது சிட்னி–லண்டன் 17,000 கிலோமீட்டரை இருபது மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் பறக்கத் திட்டம் போட்டிருக்கிறது. அது வந்தால் என் விமானத்தின் தூரப் பட்டம் போய்விடும். கேட்டலீனாவின் நேரப் பட்டம் அப்போதும் நிற்கும்.

இதைச் சொன்னதும் இவர் கேட்டது: "முப்பத்திரண்டு மணி நேரம்... கக்கூஸ் இருந்துச்சா?"

திரையில் அலூசியன் தீவுகள் இடப்பக்கம் நகர்கின்றன. அந்தப் பக்கம் கோல்ட் பே என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது, போர்க்காலத்தில் போட்ட நீண்ட ஓடுபாதையோடு. இரண்டு இன்ஜின் விமானம் கடலைக் கடக்கும்போது, ஒன்று நின்றுபோனால் மற்றொன்றை வைத்துக்கொண்டு அனுமதித்த நேரத்துக்குள் போய்ச் சேர ஏதாவது ஓர் ஓடுபாதை எப்போதும் எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். நூல் நேராகப் போகச் சொன்னாலும் பாதை இப்படிப்பட்ட ஊர்களை ஒட்டி வளைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவர் இப்போது தூங்குகிறார். நான் பின்பக்கம் வரை ஒரு நடை போய்விட்டு வருகிறேன். காலுறை இறுக்கமாகத்தான் இருக்கிறது.

வியாழன், மறுபடியும்: நியூயார்க், எடிசன்

விடிவதற்கு முன்பே இறங்கிவிட்டோம். கனடாவின் சமவெளியும் பேரேரிகளும் இருட்டில் போயின, ஊர்களின் விளக்குகள் மட்டும் தெரிந்தன. புதன் இரவு கிளம்பி வியாழன் அதிகாலை வந்திருக்கிறோம். காலண்டரைப் பார்த்தால் ஒரு ராத்திரிப் பயணம், முழங்காலைக் கேட்டால் வேறு சொல்லும். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இப்போது சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். முள்ளைத் தொடவே வேண்டாம், காலையும் மாலையும் மட்டும் இடம் மாறும். நவம்பர் முதல் ஞாயிறு இவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் பதின்மூன்றாகிவிடும்.

குடிநுழைவு அதிகாரி, எவ்வளவு நாள் தங்குவீர்கள், யார் வீட்டில் என்று கேட்டுவிட்டுக் கைரேகை எடுத்தார். பையன் வெளியே நின்றிருந்தான். எடிசனுக்கு நியூவர்க் நிலையம்தான் பக்கம். ஆனால் அந்த ஐந்து கிலோமீட்டர் பட்டத்துக்காக அம்மா கென்னடிதான் வேண்டும் என்றாள் என்று வழி முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

ப்ரூக்ளின் ஓரமாக வந்து வெராசானோ பாலத்தில் ஏறினோம். 1964-ல் திறந்த தொங்குபாலம். அதன் இரண்டு கோபுரங்களும் செங்குத்தாகத்தான் நிற்கின்றன. ஆனால் அடியில் இருக்கும் இடைவெளியைவிட உச்சியில் இருக்கும் இடைவெளி ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேலாக, கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர் அதிகம். பூமி வளைந்திருப்பதால், தனித்தனியே நேராக நிற்கிற இரண்டு கோபுரங்கள் மேலே போகப் போக விலகுகின்றன. கட்டியவர்கள் அதையும் கணக்கில் சேர்த்தார்கள். பதினெட்டு மணி நேரம் பூமியின் வளைவைச் சுற்றி வந்தும் கண்ணுக்குத் தட்டாத வளைவு, ஒரு பாலத்தில் அங்குலக் கணக்கில் நிற்கிறது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். பாலத்தில் நிறுத்தக்கூடாதாம்.

சனி, எடிசன்

இரண்டு நாளாக இரவு இரண்டு மணிக்கு விழிப்பு. உடம்பு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரக் கணக்கில்தான் சரிக்கட்டும் என்கிறார்கள். அதுவும் கிழக்கே வந்தவர்களுக்கு இன்னும் மெதுவாம். பன்னிரண்டு மணி நேரம் மாறினால் கிழக்கு மேற்கு என்ற பேச்சே இல்லை, எந்தப் பக்கம் சரிக்கட்டுவது என்று உடம்புக்கே தெரியாது. இவர் அந்த நேரத்தில் எழுந்து பையனின் சமையலறையில் குழாயைப் பழுது பார்க்கிறார்.

நாங்கள் வந்த பாதையைப் பையன் கைபேசியில் எடுத்துக் காட்டினான். பதினாறாயிரத்து சொச்சம். நூல் நீளத்தைவிட ஆயிரத்துக்கு மேல் அதிகம். பிறகு திரும்பும் விமானத்தின் கடந்த சில நாள் பாதைகளையும் காட்டினான். பசிபிக் பக்கமே வரக் காணோம். அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பாவின் மேல், அப்படியே ஆசியா வழியாக சிங்கப்பூர். காற்று அங்கேயும் மேற்கிலிருந்து கிழக்காகத்தானே அடிக்கிறது! போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே. அப்படியானால் ஊர் திரும்பும்போது உலகத்தையே ஒரு சுற்று சுற்றியிருப்போம்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப கூடுதலா கிடைச்ச புதன்கிழமை நமக்கே சொந்தமா?"

இல்லை. கடலில் ஒரே அடியாக 24 மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் கிழக்கே போகப் போக, போகும்போதும் வரும்போதும், முள்ளை முன்னால் தள்ளித் தள்ளி அதை மணி மணியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் இறங்கும்போது கணக்கு பூஜ்யம். தேதிக்கோடு இல்லாத காலத்தில் இந்தக் கணக்கு மனிதர்களைக் கலங்கடித்திருக்கிறது. மகெல்லனோடு கிளம்பிய கப்பல்களில் மிஞ்சிய விக்டோரியா, உலகத்தை மேற்கே சுற்றி முடித்து 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவில் ஒதுங்கியது. கப்பலில் நாள் தவறாமல் எழுதிவந்த பிகாஃபெட்டாவின் கணக்குப்படி அன்று புதன்கிழமை. கரையில் இருந்தவர்கள் வியாழன் என்றார்கள். ஒரு நாள்கூட எழுதாமல் விட்டதில்லையே என்று அவர் தலையைப் பிய்த்துக்கொண்டார். மூன்று வருஷப் பயணத்தில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, ஒரு முழு நாளை விழுங்கியிருந்தது.

"அவங்க மேற்கே போய் ஒண்ணைத் தொலைச்சாங்க. நாம கிழக்கே போய் ஒண்ணைக் கடன் வாங்கியிருக்கோம்" என்றார் இவர். "வட்டி உண்டா?"

இடுப்பு வலிதான் வட்டி என்றேன்.

திரும்புவது ஜனவரியில். குளிர்காலத்தில் ஜெட் காற்று இன்னும் பலமாக அடிக்கும், பாதையும் மாறும். தூரத்தை இப்போதே சொல்லு என்று இவர் மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறார். விமானம் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்புதான் அன்றைய பாதை முடிவாகும் என்று சொல்லிவிட்டேன். அது எந்தப் பக்கம் போகிறது என்பதை ஏறி உட்கார்ந்ததும் இங்கே எழுதுகிறேன்.